முழு அளவு பிஸ்டலில் .22 கன்வெர்ஷன் கிட்: எந்தத் துப்பாக்கிக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 9 மி.மீ. கிளாக் 17 ஒன்றும், 1911 ரகத்தில் .45 ஒன்றும் இருக்கின்றன. அடிக்கடி ரேஞ்சுக்குப் போவதால் தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. மலிவான .22 தோட்டாவைச் சுட உதவும் கன்வெர்ஷன் கிட் வாங்கி இந்த இரண்டிலும் மாட்டிச் சுடலாமா? இல்லை, தனியாக ஒரு .22 பிஸ்டலே வாங்கிவிடலாமா? மனைவியும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1911-க்குத் தாராளமாக வாங்குங்கள். கிளாக்குக்கு வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் கிட் போலத் தெரிந்தாலும் அவற்றிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது ஒன்றல்ல. ஏன் என்று புரிய வேண்டுமானால் கிட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிட் என்பது பிஸ்டலின் மேல்பாதி. முன்பின் நகரும் ஸ்லைடு, குண்டு பாயும் குழலான பேரல், ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங், .22-க்கான மேகசின், இவ்வளவுதான். சுத்தம் செய்யப் பிரிப்பது போலவே மேல்பாதியைக் கழற்றிவிட்டு இதை மாட்டுகிறோம். ஃபிரேம், பிடி, ட்ரிகர் எல்லாம் பழையவையே. கிட்டுக்குச் சொந்தமாகக் குறிமுனைகள் இருப்பதால், உங்கள் அசல் ஸ்லைடில் சரிசெய்து வைத்த குறி கலையாது. இது பலர் கவனிக்காத ஒரு நல்ல விஷயம்.

சரி, அசல் ஸ்லைடை வைத்துக்கொண்டு பேரலை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. இரண்டு காரணங்கள். முதலாவது, .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. 9 மி.மீ., .45 போன்ற சென்டர்ஃபயர் தோட்டாக்களில் அது நடுவில் தனிப் பிரைமராக இருக்கும். ஃபயரிங் பின் நடுவில் குத்தும் ஸ்லைடை வைத்து .22-ஐ வெடிக்க வைக்க முடியாது. இரண்டாவது காரணம் உந்துதல். 9 மி.மீ. தோட்டாவில் 115 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) எடையுள்ள குண்டு விநாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும். பிஸ்டல் பேரலில் .22-இன் 40 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 1,000 அடியைத்தான் எட்டும். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் .22-இன் உந்துதல் 9 மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னத் தள்ளலால் கனமான எஃகு ஸ்லைடை முழுதாகப் பின்னுக்குத் தள்ள முடியாது. காலிக் கூடும் வெளியே வராது, அடுத்த தோட்டாவும் ஏறாது.

அதனால்தான் பெரும்பாலான கிட்களின் ஸ்லைடு அலுமினியத்தில் செய்யப்படுகிறது. உங்கள் அசல் பிஸ்டலில் பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் போய், பிறகு பேரல் சாய்ந்து விடுபடும். வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் தந்த வழி அது. கிட்டில் பேரல் அசையாமல் நிற்கும். பூட்டு எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும் அழுத்தத்தைத் தாங்கும். புளோபேக் என்று சொல்வார்கள். சில கிட்களில் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். சி-ஸெட் (CZ) 75-க்கான காடெட் கிட்டிலும், ஒற்றைக் கையால் சுடும் புல்ஸ்ஐ என்ற துல்லியப் போட்டிக்காரர்கள் விரும்பும் மார்வெல் வகைக் கிட்டிலும் மேல்பாதியின் முன்பகுதி அசையாமல் நிற்கும். பின்புறத் துண்டு மட்டும் போய் வரும். நகரும் எடை குறைவு. மார்வெல் வகையில், அசையாத பகுதியின் மேலேயே ரெட் டாட்டை (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) பொருத்தலாம் என்பது துல்லியத்துக்குப் பெரிய வசதி.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. கோல்ட் நிறுவனம் 1931-இல் ஏஸ் என்ற பெயரில் 1911-இன் .22 வடிவத்தைக் கொண்டுவந்தது. எஃகு ஸ்லைடு; .22-க்கு அது பாரம். தோட்டா தரமாக இருந்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். 1937-இல் வந்த சர்வீஸ் மாடல் ஏஸில் ஒரு அபாரமான யோசனை இருந்தது: மிதக்கும் சேம்பர். தோட்டா உட்காரும் பகுதி பேரலிலிருந்து தனியாக இருக்கும். வாயு அதன் முன்முகத்தையும் பிடித்துத் தள்ளும், அது ஒரு பிஸ்டன் போல ஸ்லைடை உதைக்கும். அதனால் கனமான ஸ்லைடும் ஓடியது, கையில் படும் உதையும் .45-க்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது. இதைக் கண்டுபிடித்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் எம்1 கார்பைன் துப்பாக்கியோடு சேர்த்துப் பேசப்பட்டவர். வட கரோலினாவில் சிறையில் இருந்த காலத்திலேயே துப்பாக்கி வடிவமைப்பில் இறங்கியவர். 1938-இல் இதே அமைப்பைத் தனி கன்வெர்ஷன் யூனிட்டாகவும் கோல்ட் விற்றது. குறை என்னவென்றால் ஈயமும் கரியும் அந்தச் சேம்பரைச் சுற்றிப் படிந்து இறுகிக்கொள்ளும், அடிக்கடி கழற்றித் தேய்க்க வேண்டும். அலுமினிய ஸ்லைடு எளிதான பின் இந்த வழியை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே. உதையையும் சேர்த்துத் தர முயன்ற கிட் அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் இரண்டு பிஸ்டல்களுக்கு வருவோம்.

1911-இல் ஹேமர், சியர், டிஸ்கனெக்டர், மெயின் ஸ்பிரிங் என்று ட்ரிகரோடு சேர்ந்து இயங்கும் பாகங்கள் அத்தனையும் ஃபிரேமில் இருக்கின்றன. மேல்பாதியை மாற்றினால் இவற்றில் ஒன்றும் மாறுவதில்லை. அதாவது உங்கள் விரல் பழகிய அதே ட்ரிகர், அதே இடத்தில், அதே எடையில் விடுபடும். சி-ஸெட் 75, பெரெட்டா 92, சிக் பி226 போன்ற ஹேமர் பிஸ்டல்களுக்கும் இது பொருந்தும். கிளாக்கில் கதை வேறு. அங்கே ஸ்ட்ரைக்கர் (ஹேமர் இல்லாமல் தானே தோட்டாவைக் குத்தும் பின்), அதன் ஸ்பிரிங், ஃபயரிங் பின் பாதுகாப்புக் கட்டை மூன்றும் ஸ்லைடுக்குள் இருக்கின்றன. ட்ரிகரை இழுக்கும்போது நீங்கள் உணர்வதில் பெரும் பங்கு இவற்றுடையது. கிட்டின் ஸ்லைடில் கிட்காரர் போட்ட ஸ்ட்ரைக்கரும் ஸ்பிரிங்கும்தான் இருக்கும். எனவே "என் ட்ரிகரிலேயே பயிற்சி" என்ற பேச்சு கிளாக்கில் பாதி உண்மை. போதாக்குறைக்கு, கிளாக்கின் ஃபிரேம் பாலிமர். எடையில் பெரும் பகுதி எஃகு ஸ்லைடில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்தால் கையில் பிஸ்டல் இருக்கிறதா என்றே தோன்றும். 1911-இல் எஃகு ஃபிரேம் இருப்பதால் எடை அவ்வளவு விழுவதில்லை.

1911 கிட்டின் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால் புல்ஸ்ஐ போட்டியைப் பாருங்கள். ஒஹையோவில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் தலைமுறைகளாக நடந்துவரும் போட்டி அது. ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும். 2,700 புள்ளிகள்: 90 தோட்டா .22-இல், 90 சென்டர்ஃபயரில், 90 .45-இல். 50 கஜத்தில் மெதுவாக. 25 கஜத்தில் 20 விநாடிக்கு ஐந்து, பிறகு 10 விநாடிக்கு ஐந்து. சென்டர்ஃபயர் பகுதியையும் .45-ஐக் கொண்டே பலர் முடித்துவிடுவார்கள். அப்புறம் .22-க்கும் அதே 1911 ஃபிரேமில் கிட் மாட்டினால் மூன்று பகுதிக்கும் ஒரே பிடி, ஒரே ட்ரிகர். 10 விநாடியில் ஐந்து தோட்டாவை ஒற்றைக் கையால் கறுப்பு வட்டத்துக்குள் போடும்போது விரல் யோசிக்கக் கூடாது. அதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிப் பக்கம் போனாலும் ரிம்ஃபயர் பிஸ்டலுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. எட்டு ஸ்டேஜ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து தகடுகள். ஒரு ஸ்டேஜில் நான்கு முறையும் மற்றவற்றில் ஐந்து முறையும் ஐந்து தகடுகளையும் சுட வேண்டும். ஒரு தோட்டாகூடத் தவறாமல் சுட்டாலே 195 தோட்டா போய்விடும். 9 மி.மீ.-இல் இது ஒரு நாள் செலவு; .22-இல் சில்லறைக் காசு. ஆனால் ரிம்ஃபயர் பிரிவில் இடுப்பு உறையான ஹோல்ஸ்டரிலிருந்து உருவுவது கிடையாது, துப்பாக்கியைக் கையில் தாழ்த்திப் பிடித்தபடிதான் தொடக்கம். உருவும் பழக்கத்துக்கு இது உதவாது.

உதை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கிட் வாங்கியவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்வது இங்கேதான். .22-இல் ட்ரிகர் கட்டுப்பாடு, குறி ஒழுங்கு, மூச்சு, நிற்கும் விதம் எல்லாம் கற்றுக்கொள்ளலாம். முதல் தோட்டாவுக்குப் பிறகு குறிமுனை எங்கே எழும்புகிறது, அதை எப்படிக் கீழே கொண்டுவருவது என்பதைக் கற்றுக்கொள்ள முடியாது. பிடி தளர்ந்திருந்தாலும் .22 மன்னித்துவிடும், 9 மி.மீ. மன்னிக்காது. மாதக்கணக்கில் .22 மட்டுமே சுட்டுவிட்டு .45-க்குத் திரும்பினால் கை தன்னையறியாமல் முன்கூட்டியே அழுத்தும், குண்டு கீழே போகும். என் யோசனை: ஒவ்வொரு தடவையும் .22-இல் நிறையச் சுட்டுவிட்டு, கடைசியில் அசல் மேல்பாதியை மாட்டி ஐம்பது தோட்டா சுடுங்கள். அந்த ஐம்பதில் சிலவற்றின் நடுவே டம்மி தோட்டாக்களை வேறொருவரைக் கொண்டு கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குறிமுனை குனிந்தால் நோய் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

மேகசின் மாற்றும் பயிற்சியும் முழுமையாகக் கிடைக்காது. .22 மேகசின் வெளியளவில் அசல் போலவே இருந்தாலும் எடை குறைவு, பெரும்பாலும் பத்துத் தோட்டாதான் பிடிக்கும். சில கிட்களில் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிக்காரருக்குப் பொருட்டில்லை, தற்காப்புப் பயிற்சிக்குப் பெரிய குறை.

தோட்டா. கிட் சரியாக ஓடுமா ஓடாதா என்பது இதில்தான் இருக்கிறது. கிட்டோடு வரும் கையேட்டில் எந்தத் தோட்டா என்று போட்டிருப்பார்கள். அதை மதியுங்கள். அலுமினிய ஸ்லைடு கொண்ட பொதுக் கிட்களுக்கு வழக்கமாக 40 கிரெய்ன், செம்பு முலாம் பூசிய, உருண்டை முனை, ஹை வெலாசிட்டி தோட்டா வேண்டும்; சிசிஐ மினிமேக் அந்த ரகம். புல்ஸ்ஐக்கான கிட்களின் ஸ்பிரிங் மெதுவான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு ஏற்றபடி இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ரைஃபிள் பேரலில் அளந்தது, பிஸ்டலில் அவ்வளவு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டிங்கர் போன்ற, ஹை வெலாசிட்டியையும் மிஞ்சும் வேகத் தோட்டாக்களைக் கையேடு அனுமதிக்காத கிட்டில் போடவே போடாதீர்கள். பூட்டில்லாத லேசான ஸ்லைடு அதற்கானது அல்ல.

இன்னொரு சின்ன உதவி: 1911-இன் வழக்கமான மெயின் ஸ்பிரிங் 23 பவுண்டு. ஸ்லைடு பின்னால் போகும்போது ஹேமரை ஏற்ற வேண்டிய வேலையும் .22-இன் தலையில்தான் விழுகிறது. கிட் இழுத்து இழுத்து ஓடினால், கொஞ்சம் குறைந்த எடையுள்ள மெயின் ஸ்பிரிங் பல நேரம் சரிசெய்துவிடும். ஆனால் அதே ஸ்பிரிங்கோடு .45 மேல்பாதியும் பிரைமரைச் சரியாக அடிக்கிறதா என்று சுட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. புதுக் கிட் முதல் சில நூறு தோட்டாக்களுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

மேகசினில் தோட்டா போடும்போது கவனம் வேண்டும். பக்கவாட்டுக் குமிழை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கொட்டினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு மேலே ஏறாது. ஒவ்வொன்றாக, முந்தையதற்கு முன்னால் விளிம்பு உட்காரும்படி போடுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

ரிம்ஃபயரில் வெடிக்காத தோட்டா அவ்வப்போது வரத்தான் செய்யும். விளிம்பு முழுக்க மருந்து சமமாகப் பரவாமல் போனால் அப்படி ஆகும். வெடிக்கவில்லையென்றால் துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் பொறுங்கள், பிறகு வெளியே எடுங்கள். இதைவிட ஆபத்து, சத்தம் மந்தமாக வருவது. "புஸ்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதிசெய்து, பிரித்து, பேரலுக்குள் பாருங்கள். குண்டு நடுவில் சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும். புளோபேக்கில் கூடு பிளந்தால் வாயுவும் துகளும் பின்பக்கம் வரலாம். கண்ணாடி போடாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

வெற்றுச் சேம்பரில் ட்ரிகர் இழுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை அசல் மேல்பாதியில் செய்யுங்கள். ரிம்ஃபயரில் பின் சேம்பரின் ஓரத்தைக் குத்தும், நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து கூடு சிக்கும். கிட்டில்தான் செய்ய வேண்டுமென்றால், சுவரில் திருகு போட விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கரை, 4-6 அளவு, சேம்பரில் வைத்துச் செய்கிறார்கள். மலிவு, நன்றாகவும் வேலை செய்கிறது.

கணக்கு. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 9 மி.மீ. தோட்டா ஒன்று 26 சென்ட், .22 ஒன்று 8 சென்ட் என்று வைத்தால் மிச்சம் 18 சென்ட். கிட் 350 டாலர் என்றால் கிட்டத்தட்ட 1,950 தோட்டாவில் போட்ட காசு திரும்பிவிடும். .45 இன்னும் விலை அதிகம் என்பதால் 1911-க்கு இதைவிடச் சீக்கிரம் திரும்பும். ஆனால் அதே விலைக்குப் பக்கத்திலேயே முழு .22 பிஸ்டல் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல் கிளாக்கே கிளாக் 44 என்று .22-இல் ஒன்றைக் கொண்டுவந்தது. கிளாக் 19 அளவு, பாலிமரும் எஃகும் சேர்ந்த ஸ்லைடு. ருகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் இரண்டும் துல்லியத்தில் பல கிட்களைத் தோற்கடிக்கும். அதனால்தான் கிளாக்குக்குப் பொறுங்கள் என்றேன். எதை வாங்கினாலும் நீங்கள் முதலில் இருப்பு வைக்க வேண்டியது தோட்டா. 2013-இல் அமெரிக்கக் கடைகளில் .22 அலமாரிகள் காலியாகி நீண்ட காலம் அப்படியே கிடந்தன. கிட் இருந்தும் போட ஒன்றுமில்லாமல் நின்றவர்கள் ஏராளம். உங்கள் கிட்டுக்குப் பிடித்த தோட்டாவைக் கண்டுபிடித்ததும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

அப்படியும் கிளாக்குக்குக் கிட்தான் என்றால் தலைமுறையைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். மூன்றாம் தலைமுறைக் கிட் ஐந்தாம் தலைமுறை ஃபிரேமில் போகாது. 17-க்கும் 19-க்கும் கிட் தனித்தனி. கிட்டின் ஸ்லைடு உங்கள் ஹோல்ஸ்டரில் உட்காருமா, ரெட் டாட் பொருத்தும் வெட்டு உங்கள் அசல் ஸ்லைடில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள்.

சட்டம்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சீரியல் எண் உள்ள ஃபிரேம்தான் துப்பாக்கி. கிட் வெறும் உதிரிப் பாகம், பெரும்பாலான மாநிலங்களில் நேராக வீட்டுக்கே வரும். ஆனால் மாநில விதிகளைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் தோட்டா வாங்கவே பின்னணிச் சோதனை உண்டு. முனையில் மரை போட்ட பேரலோடு வரும் கிட் அங்கே பிஸ்டலை வேறு சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 9 மி.மீ. அங்கே சாதாரண உரிமத்துக்குத் தடைசெய்யப்பட்ட அளவு, 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கிடுகிறது. கிட்டை உதிரிப் பாகம் என்று நினைத்து வரவழைப்பது சிறைக்கு வழி.

வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பிஸ்டல் இதுதான் என்றால், ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் அசல் மேல்பாதியை மாட்டி, சில தோட்டா சுட்டுச் சரிபார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். .22 மேகசினையும் 9 மி.மீ. மேகசினையும் ஒரே பையில் போடாதீர்கள்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. .22 அழுக்கான தோட்டா. குண்டின் மேல் மெழுகு, கருகாத மருந்து, ஈயம் எல்லாம் சேம்பர் வாயில் சேரும். இருநூறு முந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை சேம்பரையும் காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தையும் துடைத்தால் போதும். வழக்கமான .22 தோட்டாவின் பற்றவைப்பு மருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. எனவே சுட்ட பிறகு குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். ரேஞ்சுக்குப் போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு. .22-இல் தொடங்குவது மிகச் சரி. சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து ஒருமுறை கண்ணை மூடிப் பழகிவிட்டால் அதைப் போக்க நாளாகும். ஆனால் உங்கள் 1911-இன் பிடி அவர் கைக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். ட்ரிகருக்கு விரல் நீட்டி நீட்டி எட்ட வேண்டியிருந்தால், அவருக்கென்று பக் மார்க்கோ ருகரோ வாங்குவது நல்லது. ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்தால் இரண்டையும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். பாதுகாப்பாகக் கையாளப் பழகிவிட்டார் என்று தெரிந்த பிறகு இரண்டு, அப்புறம் ஐந்து. ஏழு கஜம் போதும். .22 தானே என்று காதுக்கவசத்தை விட்டுவிடாதீர்கள். குட்டைப் பேரலில் அதுவும் காதைக் கெடுக்கும் சத்தம்தான். கூரை உள்ள ரேஞ்ச் என்றால் காதுக்குள் பஞ்சுக் குழலும் மேலே கவசமும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.